நமக்காக நிதி சேர்க்கும் லண்டன் பிள்ளைகள் நம் பிள்ளைகளின் படம் கேட்கிறார்கள்: என்ன பதில் எழுதுவது?

கரைச்சி ஆசிரியை எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேசத்தில் உள்ள ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் பாடசாலைக்கும் வடமேற்கு லண்டனில் உள்ள ஓர் இடைநிலைப் பாடசாலைக்கும் இரண்டு ஆண்டுகளாகத் தொடர்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் கணிசமானோர் நம்மவர்களின் பிள்ளைகள். ஆனால் நிதி சேர்க்கும் மாணவர் குழுவில் சோமாலியப் பிள்ளைகளும் குஜராத்திப் பிள்ளைகளும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். கேக் செய்து விற்றும், நடைபவனி போயும், சீருடை இல்லாமல் வரும் ஒரு நாளுக்கு ஆளுக்கு ஒரு பவுண் கொடுத்தும் அவர்கள் சேர்த்த காசில்தான் எங்கள் நூலகத்துக்கு இரண்டு அலுமாரிகள் வந்தன. ஆய்வுகூடத்தில் பல ஆண்டுகளாகக் கிடந்த குழாய் வேலையும் முடிந்தது.

கடந்த வாரம் அந்தக் குழுவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்றாவது ஆண்டில் நிகழ்ச்சியைப் பெரிதாக நடத்த விரும்புவதாகவும், சுவரொட்டிக்கும் காலைக்கூட்டத்துக்கும் பயன்படுத்துவதற்கு வசதி குறைந்த பத்து மாணவர்களின் படங்களும் ஒவ்வொருவரைப் பற்றியும் பத்து வரிக் கதையும் தேவை என்றும் எழுதியிருந்தார்கள். கதையில் தந்தை இருக்கிறாரா, வீடு எப்படிப்பட்டது, எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள் என்பவை வரவேண்டுமாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் மிகுந்த பணிவோடு எழுதிய கடிதம் அது. அவர்கள்மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

அதை எங்கள் மாணவர் தலைவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தரம் 11 மாணவி ஒருத்தி, “அவர்களுடைய பத்துப் பேரின் படத்தையும் கதையையும் நாங்கள் கேட்டால் தருவார்களா டீச்சர்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “தம்பிக்குச் சப்பாத்து வருமென்றால் என்னுடைய படத்தைக் கொடுங்கள்” என்றான். இந்த இரண்டு வார்த்தைகளும் சேர்ந்துதான் என்னை இங்கே எழுத வைத்தன. உறவு முறியாமலும், கேட்ட பிள்ளைகளின் மனம் நோகாமலும், எங்கள் பிள்ளைகள் தலை குனியாமலும் எப்படிப் பதில் எழுதுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹரோவிலிருந்து ஒரு தாய் எழுதியது:

வணக்கம் டீச்சர். என் மகள் இங்கே லண்டனில் இப்படியொரு குழுவில் மூன்று ஆண்டுகள் இருந்தாள். நானும் கேக் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஏன் படம் கேட்கிறார்கள் என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். காலைக்கூட்டத்தில் அவர்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதே தவணையில் புற்றுநோய் ஆய்வுக்கும், விலங்குக் காப்பகத்துக்கும், பாடசாலையின் சொந்த விளையாட்டுத் திடலுக்கும் வேறு குழுக்கள் காசு கேட்டுக்கொண்டிருக்கும். பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அழுத முகம் ஒன்று இல்லாமல் காசு கேட்க வேறு வழி தெரியாது. அந்த வழியை நாம்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. இங்குள்ள பாடசாலைகள் தங்கள் மாணவரின் படத்தை இணையத்தளத்திலோ செய்திமடலிலோ போடுவதற்குப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகின்றன; படத்தோடு முழுப்பெயரைச் சேர்த்துப் போடுவதைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. என் மகள் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் படிவம் வீட்டுக்கு வந்தது. ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமையைச் சுவரொட்டியில் எழுதுவதை இங்கே எந்த அதிபரும் அனுமதிக்க மாட்டார். ஆகவே, “உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் விதி எதுவோ அதையே எங்கள் பிள்ளைகளுக்கும் வையுங்கள்” என்று எழுதுங்கள். குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். அவர் வெட்கப்படவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார், உடனே புரிந்துகொள்வார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சீருடை இல்லாத நாளில் அந்த ஒரு பவுணைக் கொண்டுவர முடியாத பிள்ளைகள் இங்கும் இருக்கிறார்கள். அன்றைக்கு வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகளை நான் அறிவேன். மகளின் குழு பிற்பாடு வாசலில் மூடிய உண்டியல் வைத்து, யார் போட்டார்கள் யார் போடவில்லை என்று எவருக்கும் தெரியாதபடி மாற்றியது. வறுமையை மறைத்து வைத்துக்கொள்ளும் உரிமை இங்குள்ள பிள்ளைக்கு இருக்குமானால் அங்குள்ள பிள்ளைக்கும் இருக்கத்தானே வேண்டும்.

கண்டாவளைத் தகப்பன் எழுதியது:

இரண்டு பேரும் எழுதியதை வாசித்தேன். எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. அதை மனம் திறந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இரவோடு இரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால், மூத்தவனின் கொப்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் கட்டியாகக் கிடந்தன. தை மாதம் பாடசாலை தொடங்குகிறது, கையில் ஒன்றுமில்லை. அப்போது வந்தவர்கள் படம் எடுத்தார்கள், கொப்பியும் பையும் தந்தார்கள். படம் எடுக்காதவர்கள் எவரும் எங்கள் ஒழுங்கைக்குள் வரவே இல்லை. அந்தப் படத்தால் என் பிள்ளைக்கு என்ன குறைந்துவிட்டது? அவன் இப்போது உயர்தரத்தில் கணிதம் படிக்கிறான்.

மாத வருமானம் உள்ளவர்கள் மானத்தைப் பற்றி எழுதலாம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத ஆண்டில் கூலிக்கும் போக வழியில்லாத குடும்பத்துக்கு ஒரு சோடிச் சப்பாத்து பெரிய காரியம். பின்வாங்கில் எழுந்து நின்ற அந்த மாணவன் சொன்னதை யாராவது காதில் வாங்குங்கள். அவனுடைய படத்தை அவனே கொடுக்கிறான் என்றால் அதைத் தடுக்க நாங்கள் யார்?

முள்ளியவளையாள் எழுதியது:

கண்டாவளை அண்ணாவுக்கு மரியாதையோடு இதை எழுதுகிறேன். என்னையும் படம் எடுத்தார்கள். அதில் எனக்கு என்ன குறைந்தது என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது.

2009 இல் எனக்கு ஒன்பது வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு அடுத்த ஆண்டு ஊருக்குத் திரும்பினோம். கூரை இல்லாத கட்டடத்தில், தறப்பாள் கட்டி, பாடசாலையைத் திரும்பத் தொடங்கினார்கள். அங்கே ஒரு நிறுவனத்தினர் நீல நிறப் பைகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அப்பா எங்கே என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். நான் நினைத்தது, இப்போது எங்களோடு இல்லை என்பதைத்தான்.

பல ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பழைய நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் நான் இருந்தேன். படத்துக்குக் கீழே, போரில் தந்தை கொல்லப்பட்ட சிறுமி என்று அச்சடித்திருந்தார்கள். அம்மா அதை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஏனென்றால் அப்பா இறந்துவிட்டார் என்று எங்களுக்கு எவரும் இதுவரை சொல்லவில்லை. அவர் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 மாசி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோது முதல் வாரத்திலேயே அம்மா அங்கு போனார். பிறகு முல்லைத்தீவிலும் போய் இருந்தார். அங்கே அவரும் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். திருமணத்தன்று எடுத்த படத்திலிருந்து அப்பாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. எந்தப் படம், என்ன வாசகம், எங்கே பிடிப்பது என்பதையெல்லாம் அம்மாவே முடிவுசெய்தார்.

என் படத்தில் அப்படி எதையும் நான் முடிவுசெய்யவில்லை. ஒன்பது வயதில் நான் சொன்ன ஒரு சொல்லைக் கொண்டு என் தகப்பனின் கதையை யாரோ முடித்து வைத்துவிட்டார்கள். சப்பாத்துக்காகத் தன் படத்தைக் கொடுக்கிறேன் என்ற தம்பிக்குச் சப்பாத்துக் கிடைக்க வேண்டும், அண்ணா. ஆனால் படம் கொடுத்தால்தான் சப்பாத்து என்ற நிலையில் கொடுக்கப்படும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. நான் இப்போது முன்பள்ளி ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகளைப் படம் எடுக்க வருபவர்களிடம், படத்தின் கீழே என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். பெரும்பாலானோர் அதற்குப் பிறகு படம் எடுப்பதில்லை.

ஸ்காபரோ மாணவன் எழுதியது:

அக்கா எழுதியதை வாசித்த பிறகு இதை எழுதச் சிறிது நேரம் எடுத்தது. காசு சேர்த்த பக்கத்தில் நின்றவன் நான்.

கனடாவின் ஒன்ராறியோவில் இடைநிலைப் பாடசாலைச் சான்றிதழ் பெறுவதற்கு 40 மணித்தியாலச் சமூகப் பணி கட்டாயம். அந்த மணித்தியாலங்களுக்காகத்தான் முதலில் தமிழ் மாணவர் மன்றத்தில் சேர்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மதிய இடைவேளையில் ரோல்ஸும் சமோசாவும் விற்றோம். இரண்டு ஆண்டுகள் விற்றும், யாருக்காக விற்கிறோம் என்பது எனக்குத் தெரியாது. வன்னி என்று சொல்வார்கள், திரையில் நாலைந்து படங்கள் ஓடும், கை தட்டுவார்கள், முடிவில் ஒரு நன்றிச் சான்றிதழ் வரும். படத்தில் இருந்த எந்தப் பிள்ளையின் முகமும் இன்று எனக்கு நினைவில்லை.

மூன்றாம் ஆண்டு அந்தப் பாடசாலையின் மாணவர்கள் ஒரு வரைபடம் அனுப்பினார்கள். நான்கு வெள்ளைத் தாள்களை ஒட்டி, பென்சிலால் வரைந்து, வண்ணம் தீட்டியது. கிணறு எங்கே, பேருந்து எங்கே நிற்கும், எந்த வகுப்பறைக்குள் மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும், முற்பகல் 11 மணிக்கு மாமரத்தின் நிழல் எந்த வகுப்பின்மேல் விழும் என்றெல்லாம் குறித்திருந்தார்கள். வெயில் ஏறும்போது தரம் 6 மாணவர் வாங்குகளைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நகர்வார்களாம். அந்தப் பாதையைப் புள்ளிக்கோட்டால் காட்டியிருந்தார்கள். கூரைக்கு எத்தனை தகரம் வேண்டும், ஒன்று என்ன விலை என்பது ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. அதை உணவகச் சுவரில் ஒட்டினோம். தமிழ் தெரியாத பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு தகரத்துக்கும் காசு சேர்ந்ததும் வரைபடத்தின் கூரையில் ஒரு சதுரத்துக்கு நிறம் தீட்டினோம். எந்த முகத்தையும் காட்டாமலேயே அந்த ஆண்டு முழுத் தொகையும் சேர்ந்தது. புள்ளிக்கோடு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஆசிரியை அவர்களே, படத்துக்குப் பதிலாக உங்கள் மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மல்லாவிக் கணக்கர் எழுதியது:

துணுக்காய் வலயத்தில் ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், படத்தை விட்டுக் காசைப் பற்றி எழுதுகிறேன். உறவு முறிவதற்குப் படத்தைவிடக் கணக்கே பெரும்பாலும் காரணமாகிறது என்பது என் அனுபவம்.

முதலாவது, காசு வரும் வழி. வெளிநாட்டுப் பிள்ளைகள் சேர்த்த காசு எந்த ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கும் வரக்கூடாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அறிவித்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு, அவர்களுடைய பாடசாலையின் கணக்கிலிருந்து நேரே வரவேண்டும். இடையில் உள்ள வங்கிகள் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஒரு கட்டணத்தைக் கழிக்கும். தொகை சிறிதானால் கட்டணம் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். கேக் விற்ற காசை மாதாமாதம் அனுப்பாமல், ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் பொதுவாகக் காசு திரட்டும் கோஃபண்ட்மீ போன்ற தளங்களில் இலங்கையில் உள்ளவர்கள் தங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே பணம் எடுக்க முடியாது. அங்குள்ள ஒருவர் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் சந்தேகங்கள் முளைக்கின்றன. பிரித்தானியாவில் வரி செலுத்துபவர் பதிவுபெற்ற தொண்டு அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடையில் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து மேலதிகமாகப் பெறலாம். ஆனால் கேக் வாங்கக் கொடுத்த காசு நன்கொடையாகக் கணிக்கப்படாது. நடைபவனிக்குக் கொடுத்தது கணிக்கப்படும். குழுவின் ஆசிரியருக்கு இதை நினைவூட்டுங்கள்.

இரண்டாவது, வந்த காசை வைத்திருக்கக்கூடாது. 2022 பங்குனியில் ரூபாயை மிதக்க விட்டபோது ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 300 ஐத் தாண்டியது. எங்கள் கணக்கில் கொப்பிக்கென்று வந்த காசு தீர்மானத்துக்காகக் காத்துக் கிடந்தது. கூட்டம் கூடி முடிவெடுத்தபோது அந்தக் காசுக்கு முன்பு வாங்கக்கூடியதில் பாதிக் கொப்பிகள்தான் வந்தன. யாரும் திருடவில்லை, ஆனாலும் அனுப்பிய பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்துவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. மறைக்காமல் எழுதினோம், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது, பொருளைப் பராமரிக்கும் செலவு. ஒரு பாடசாலையில் நன்கொடையாக வந்த நீர் சுத்திகரிப்பு இயந்திரம் திறப்பு விழாவுக்குப் பிறகு ஓராண்டு ஓடியது. உள்ளே மாற்ற வேண்டிய வடிகட்டிக்குக் காசு ஒதுக்கப்படவில்லை. நான் போய்ப் பார்த்தபோது நாடாவெட்டிய திகதி பொறித்த கல் பளிச்சென்று இருந்தது. குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வவுனியா வடக்கு முதல் நம் பகுதி வரை கிணற்று நீரின் உவர்ப்பும் சிறுநீரக நோய்ப் பயமும் உள்ள இடத்தில் இது சிறிய விடயமல்ல. கேட்கும்போதே மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

இறுதியாக, கணக்கை மாணவர் எழுதட்டும். பற்றுச்சீட்டுகளை ஒட்டி, வாங்கிய பொருளை எண்ணி, மிச்சத்தைக் காட்டி, தரம் 10 வணிகக் கல்வி மாணவர் இதை அழகாகச் செய்வார்கள். அங்குள்ள பிள்ளைகள் கேக் விற்ற கணக்கையும் இவர்களுக்கு அனுப்ப வேண்டும். மா, சீனி, முட்டை எவ்வளவுக்கு வாங்கினார்கள், எவ்வளவு மிஞ்சியது என்று எங்கள் பிள்ளைகள் வாசித்தபோதுதான் அந்தக் காசு வானத்திலிருந்து விழவில்லை என்பது அவர்களுக்கு விளங்கியது.

கண்டாவளைத் தகப்பன் எழுதியது:

முள்ளியவளைத் தங்கச்சி, உங்கள் அம்மாவின் விடயத்தை வாசித்து நான் மனம் வருந்துகிறேன். படத்துக்குக் கீழே அப்படி எழுதுவார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் மகனின் படத்துக்குக் கீழே என்ன எழுதினார்கள் என்று எனக்கும் தெரியாது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். மானம் என்ற பெயரில் தேவையை மறைத்து எழுதாதீர்கள். சப்பாத்து இல்லை என்றால் சப்பாத்து இல்லை என்று எழுதுங்கள். எத்தனை பேருக்கு இல்லை என்று எண்ணி எழுதுங்கள். தகரத்துக்கு விலை எழுதலாம் என்றால் சப்பாத்துக்கும் எழுதலாம்.

ஓய்வுபெற்ற அதிபர், நெடுங்கேணி எழுதியது:

தம்பி சொல்வது சரி. தேவையைத் தொகையாக எழுதலாம். ஆளாக எழுத வேண்டாம். “தரம் 6 முதல் 9 வரை இத்தனை பேருக்குச் சப்பாத்து இல்லை” என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் சந்தியில் நிற்காது. பொருள் வந்ததும் வகுப்பாசிரியர் அளவெடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பட்டும். மேடையில் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிசெய்தது. பிள்ளை தன்னைப் பற்றிய விடயங்களில் கருத்துச் சொல்ல உரித்துடையது என்று அதன் 12 ஆம் உறுப்புரையும், பிள்ளையின் தனிமைக்கும் நற்பெயருக்கும் பாதுகாப்பு உண்டு என்று 16 ஆம் உறுப்புரையும் சொல்கின்றன. பிரித்தானியாவும் அதே ஆண்டில்தான் ஏற்றது. ஆகவே இரு பாடசாலைகளுக்கும் அது பொதுவானது.

ஆனால் பிள்ளை, உங்கள் மாணவி கேட்டது படத்தைப் பற்றி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கொடுப்பவர்களாகவே ஒரு பக்கமும் வாங்குபவர்களாகவே மறுபக்கமும் இருந்தால் இந்தக் கேள்வி ஏதோ ஓர் உருவில் வந்துகொண்டே இருக்கும். எனக்கும் வந்தது.

நான் அதிபராக இருந்தபோது இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள ஒரு பாடசாலை எங்களுக்கு உதவியது. ஒருமுறை அவர்களுடைய கடிதத்தில், இலையுதிர் காலத்து அறுவடை விழாவுக்கு வீட்டிலிருந்து தகரத்தில் அடைத்த உணவு கொண்டுவந்து தங்கள் ஊர் உணவு வங்கிக்குக் கொடுத்ததாக ஒரு வரி இருந்தது. உணவு வங்கி என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகள் கேட்டார்கள். சம்பளம் போதாத குடும்பங்கள் வந்து அரிசி, பருப்பு, பால்மா வாங்கிப் போகும் இடம் என்று விளங்கப்படுத்தினேன். இங்கிலாந்திலா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நிவாரணத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். மறுநாள் காலை என் அறைக்கு ஐந்து பேர் வந்து, நாங்களும் அதற்குக் காசு சேர்க்க வேண்டும் சேர் என்றார்கள்.

நம் ஊர்களில் பிடியரிசி எடுத்துப் பொதுக்காரியம் நடத்தியவர்கள் நாம். சேர்ப்பது அவர்களுக்கு ஒரு பெரிய விடயமாகத் தெரியவில்லை. விளையாட்டுப் போட்டியன்று மணலில் வறுத்த கச்சானைச் சுருளில் போட்டு விற்றார்கள். காசு சேர்ந்தது. ஆனால் பாடசாலைக் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப வழியில்லை. அந்நியச் செலாவணி விதிகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கலங்கிப்போய் நின்றபோது, ஒரு மாணவியின் பாட்டியார் வழி காட்டினார். பனங்குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயத்தில் அவித்து, நிழலில் உலர்த்தி, புத்தகத்தின் பக்கத்தில் வைக்கும் அடையாளப் பட்டிகளைப் பின்னக் கற்றுக் கொடுத்தார். கச்சான் விற்ற காசு ஓலைக்கும் சாயத்துக்கும் போனது. நூற்று இருபது பட்டிகள். விடுமுறைக்கு வந்த ஒருவர் பெட்டியில் கொண்டுபோனார். அங்குள்ள பிள்ளைகள் தங்கள் விழாவில் விற்று, வந்ததை அப்படியே உணவு வங்கிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான பற்றுச்சீட்டின் பிரதியை எங்களுக்கு அனுப்பினார்கள். அதை நான் சட்டமிட்டு மாட்டினேன். அதற்கடுத்த ஆண்டு அவர்கள் அனுப்பிய காசை வாங்கும்போது என் பிள்ளைகள் நின்ற நிலையே வேறாக இருந்தது.

கரைச்சி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அதிபர் ஐயா, உங்கள் பதிவை மாணவர் தலைவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு நான் வாய்திறக்க வேண்டியிருக்கவில்லை. கடிதத்தை அவர்களே தமிழில் எழுதினார்கள். ஆங்கிலத்தில் நான் மொழிபெயர்க்கவில்லை. லண்டன் குழுவில் உள்ள நம் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள் அல்லவா, அவர்களே தங்கள் தோழர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும் என்று மாணவி ஒருத்தி சொன்னாள். அது எனக்குச் சரியென்று பட்டது. கடிதத்தின் ஒரு பகுதியை அவர்களுடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்:

“நீங்கள் கேட்ட படங்களை நாங்கள் அனுப்பவில்லை. உங்கள் பாடசாலையில் உங்களுடைய படத்துக்கு என்ன விதியோ அதுவே எங்களுக்கும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதற்குப் பதிலாக எங்கள் பாடசாலையை நாங்களே வரைந்து அனுப்புகிறோம். சிவப்பு நிறத்தில் இருப்பவை திருத்த வேண்டியவை. அவற்றின் விலையைக் கடையில் கேட்டு எழுதியிருக்கிறோம். தரம் 6 முதல் 9 வரை முப்பத்து நான்கு பேருக்குச் சப்பாத்து இல்லை. எங்களுக்கும் உங்களிடம் சில கேள்விகள் உண்டு. நீங்கள் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்? உங்கள் பாடசாலையில் திருத்த வேண்டியது எது? உங்கள் ஊரில் யாருக்காவது உதவி தேவையா? நாங்கள் ஓலையில் பின்னப் பழகிக்கொண்டிருக்கிறோம்.”

சப்பாத்து வரியை எழுதியது பின்வாங்கு மாணவன். எண்ணுவதற்காக வகுப்பு வகுப்பாகப் போனவனும் அவனே. பெயர் எழுதாமல் கோடு மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். கண்டாவளை அண்ணா, உங்கள் இரண்டாவது பதிவை அவனுக்குக் காட்டியிருந்தேன். அங்கே கோடை நேரம் நடக்கும்போது லண்டனில் காலை 9 மணியாகும் பொழுது இங்கே பிற்பகல் 1.30, எங்கள் கடைசி மணி அடிக்கும் நேரம். அந்த ஒரு அரை மணித்தியாலத்தில் இரு குழுக்களும் மாதம் ஒருமுறை நேரில் பேசலாமா என்றும் கேட்டிருக்கிறோம்.

ஹரோவிலிருந்து ஒரு தாய் எழுதியது:

டீச்சர், அந்தப் பாடசாலையில் படிக்கும் என் அக்காவின் மகள் மூலம் செய்தி கிடைத்தது. வரைபடத்தைக் காலைக்கூட்டத்தில் திரையில் போட்டார்களாம். படம் கேட்டதற்காக வருந்துவதாகக் குழுவின் ஆசிரியர் உங்களுக்குத் தனியே எழுதுவார். ஆவணியில் நான் ஊருக்கு வருகிறேன். திரும்பும்போது பெட்டியில் பாதி இடம் உங்கள் பட்டிகளுக்கு. காய்ந்த பின்னல் வேலையாக இருக்கட்டும், கச்சானோ வேறு விதையோ வேண்டாம். விமான நிலையத்தில் சிக்கல் வரும்.

இன்னொரு விடயம். வரைபடத்தில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டமும் அதைச் சுற்றி முள் முள்ளாகக் கோடுகளும் இருக்கின்றன. அது சிவப்பிலும் இல்லை, விலையும் எழுதவில்லை. அது என்ன என்று குழுவில் உள்ள ஒரு சோமாலியப் பிள்ளை கேட்கிறாள்.

கரைச்சி ஆசிரியை எழுதியது:

அது இந்த ஆண்டு நட்ட வேப்பங்கன்று. ஆடு கடிக்காமல் இருப்பதற்காகச் சுற்றிவர முள்வேலி அடைத்திருக்கிறார்கள். அதை வரைந்த தரம் 8 மாணவனிடம் அந்தப் பிள்ளையின் கேள்வியைச் சொன்னேன். பதிலைத் தானே எழுதுவதாகக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறான்.